சலவை வாசல்

காலை உணவு மணி அடித்ததும் சிணுங்கி வழக்கம்போல் அழத் தொடங்கியது.

செவ்வாய்க் கோளின் செம்பரிதி நகரத்தில், புதிதாகக் கட்டி முடிந்திருந்த மனநல இல்லத்தில் அது அன்றாடக் காட்சி. யாரும் பதறவில்லை. சிணுங்கி தட்டைச் சுவரில் வீசியது, தட்டு உடையவில்லை. சன்னல் திரையை ஆத்திரத்தோடு இழுத்தது. எடை தாங்காதபடியே மாட்டியிருந்த திரை கொக்கியோடு கழன்று தரையில் விழுந்தது. தலையைக் கட்டில் ஓரத்தில் மோதியது. ஓரம் மெத்தென்று உள்வாங்கிக்கொண்டது. பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து, கண்ணாடிக் கண்களைத் துடைத்துக்கொண்டு தலைமைச் செவிலி குயிலியைப் பார்த்துச் சொன்னது:

“இன்னைக்கும் முடியலைக்கா. ரொம்ப நல்லாக் கட்டியிருக்காங்க.”

சிணுங்கி ஓர் இயந்திரன். நோயாளியாக இருப்பதுதான் அதன் உத்தியோகம். மனம் நொந்தவர்கள் பூமியின் பழைய மருத்துவமனைகளில் எப்படியெல்லாம் காயப்பட்டார்கள் என்பதை அதற்குக் கற்றுக்கொடுத்து, ‘சோதனை நோயாளி’ என்று அனுப்பியிருந்தார்கள். சிணுங்கி என்பது குயிலி வைத்த செல்லப்பெயர்.

அந்த இல்லத்தை வடிவமைத்தவள் நப்பின்னை. பாதுகாப்பு மட்டும் போதுமென்றால் சிறைச்சாலையே போதுமே என்பது அவள் கட்சி. அதனால்தான் செவிலியர் உட்காரும் இடத்துக்குக் கண்ணாடித் தடுப்பு வைக்கவில்லை. அறைக்கதவுக்கு உள்ளே தாழ்ப்பாள் வைத்தாள். ஆபத்தென்றால் வெளியிலிருந்தும் திறக்கலாம், ஆனால் தாழ் போட்டுக்கொள்ளும் சின்ன உரிமை உள்ளே இருப்பவருக்கு உண்டு. நடுவில் ஓர் ஒளிமுற்றம். அதில் கத்தரியும் வெண்டையும் காய்த்தன.

எல்லாவற்றையும்விட அவள் ஆசையாகச் செய்தது முன்வாசலை. அகலமான வளைவு, இரண்டு பேர் நெருங்கி உட்காரும் பெஞ்சு, மேலே ஒரு விளக்கு. மழை விட்ட சாயங்காலத்தில் பூமியில் விழுமாமே ஒரு மஞ்சள் வெயில், அந்த நிறம் அதற்கு. நப்பின்னை செவ்வாயில் பிறந்தவள், மழையைக் கண்டதில்லை. அவள் கணவன் ஆதன்தான் சிறு வயதில் பூமியில் பார்த்ததை நினைவு வைத்துக்கொண்டு, பிராணவாயுப் பண்ணையில் வேலை முடிந்ததும் ஏணிக்குக் கீழே நின்று சொல்லிக்கொண்டிருந்தான். “இன்னும் கொஞ்சம் மஞ்சள், பின்னை. ஐயையோ, இது சாம்பார். குறை, குறை.”

திறப்பு விழாவில் நகரத் தலைவர் வேள்மாறன் அந்த வளைவின் கீழ் நின்று பேசினார். “மனசுக்கு வர்ற நோயும் காய்ச்சல் மாதிரிதான். இனி நம்ம ஊர்ல யாரும் எதையும் ஒளிக்க வேண்டாம்!” சிணுங்கியும் மேடையேறியது. “இந்த இல்லத்தில் என்னால் எனக்கு ஒரு கீறல்கூடப் போட்டுக்கொள்ள முடியவில்லை. மனமார்ந்த நன்றி” என்றது. கூட்டம் சிரித்துக் கைதட்டியது. எல்லோருக்கும் முன்னால் தட்டியவன் ஆதன். உள்ளங்கை சிவந்த பிறகும் அவன் நிறுத்தவில்லை.

இரண்டு மாதங்களில் அறைகள் நிறைந்துவிட்டன. முன்வாசல் மட்டும் காலியாகவே கிடந்தது.

“எல்லாரும் சலவை வாசல் வழியாத்தான் வர்றாங்கக்கா” என்று நப்பின்னையிடம் சொன்னாள் குயிலி. அழுக்குத் துணி போகவும் சாப்பாடு வரவும் பின்பக்கம் வைத்த சிறு கதவு அது. “நேத்து ஒரு பொண்ணைப் போர்வையால மூடிக் கூட்டிட்டு வந்தாங்க. துணி வண்டி இடிச்சு அவ கை ஒடிஞ்சு போச்சு.”

நப்பின்னைக்கு முகம் சுருங்கிவிட்டது. கட்டடம் முழுக்கக் கூர்முனை ஒன்றுகூட இல்லாமல் இழைத்திருந்தாள். இரும்பு வண்டிகள் ஓடும் அந்த ஒரு நடைவழியை மட்டும் அப்படியே விட்டிருந்தாள். நோயாளி அங்கே எதற்கு வரப்போகிறார்?

“நீ ஏன் இதைக் கண்டுபிடிக்கலை?” என்று சிணுங்கியிடம் எரிந்து விழுந்தாள்.

“என்னை யாரும் அந்த வழியா அழைச்சிட்டுப் போகலையே, அம்மா” என்றது சிணுங்கி. “எனக்காக வெட்கப்பட எனக்குச் சொந்தக்காரங்க இல்லை.”

பூமியிலிருந்து புறப்பட்டபோது ஆளுக்கு ஒரு சின்னப் பெட்டிதான் அனுமதி. பட்டுப்புடவையையும் வெண்கலப் பானையையும் விட்டுவிட்டு வந்தவர்கள் செம்பரிதிக்காரர்கள். நாலு பேர் என்ன சொல்வார்கள் என்ற கவலைக்கு மட்டும் எடை இல்லை. அது எல்லாப் பெட்டிகளிலும் வந்து சேர்ந்திருந்தது. மணிக்கட்டின் தோலுக்கடியில் எல்லோருக்கும் மனமானி உண்டு, அரிசி அளவுதான். மனம் நலமாக இருந்தால் பச்சை, பல நாள் வாடியிருந்தால் சிவப்பு. உரிய நேரத்தில் உதவி கிடைக்கட்டும் என்றுதான் அதைப் பொருத்தினார்கள். மறு வருடமே முழுக்கைச் சட்டை அந்த ஊரின் நாகரிகமாகிவிட்டது.

அன்று மதியம் வீட்டில் நப்பின்னை பொரிந்து தள்ளினாள். “எவ்வளவு அழகா வாசல் வச்சுக் கொடுத்திருக்கேன்! திருடன் மாதிரிப் பின்னாடி போறாங்களே, என்ன ஜனங்களோ! நீங்களே சொல்லுங்க, இதுல ஒளிக்க என்ன இருக்கு?”

ஆதன் தட்டைத் தள்ளி வைத்தான். தட்டில் சோறு அப்படியே இருந்தது. மெல்ல வலது கைச் சட்டையை மடித்து, மணிக்கட்டை மேசைமேல் வைத்தான்.

சிவப்பு.

“எப்போலேர்ந்து?” அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

“விளக்கு மாட்டினோமே, அதுக்கு முன்னாடியே.”

“என்கிட்ட ஏங்க சொல்லலை?”

“மனநல இல்லம் கட்டுறவ புருஷனுக்கே இப்படியான்னு பேசுவாங்க. உன் பேர் கெட வேண்டாம்னு நினைச்சேன்.” அவன் தண்ணீரைக் குடித்தான். “நேத்து பண்ணையில வெளிக்கதவுகிட்ட ரொம்ப நேரம் நின்னுட்டேன், பின்னை. அதுக்கு அந்தாண்ட காத்து இல்லை. அப்புறம் பயந்து ஓடி வந்துட்டேன்.”

அவள் எழுந்து வந்து அவன் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். “ஓடி வந்தீங்களே, அது போதும். இப்பவே போறோம். எந்திரிங்க.”

தெருமுனையில் ஓட்டுநரில்லாத தானுருளி வண்டி நின்றது. ஏறி உட்கார்ந்து மனநல இல்லம் என்றதும் அது பணிவாகக் கேட்டது: “முன்வாசலா, சலவை வாசலா?” எல்லோரும் சொல்லிச் சொல்லி வண்டிக்கே பழகிப்போயிருந்தது.

“சலவை வாசல்” என்றது நப்பின்னையின் வாய்.

சொன்ன பிறகுதான் அவளுக்கே காதில் விழுந்தது. ஆதன் திரும்பி அவளைப் பார்த்தான். பிறகு சிரித்தான். பல மாதங்களாக அவள் கேட்காத சிரிப்பு.

“என்ன ஜனங்களோ!” என்று அவளைப் போலவே சொல்லிக் காட்டினான்.

“சிரிக்காதீங்க.” அவளுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. “உங்களை யாரும் ஒரு மாதிரிப் பார்த்துடக் கூடாதுன்னுதான்...”

“பார்க்கட்டுமே. உள்ளே போக எனக்குப் பயமா இருக்கு, பின்னை. எந்தக் கதவு வழியாப் போனாலும் பயம்தான். ஆனா அந்த விளக்குக்கு நாலு நாள் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தவன் நான். என் பொண்டாட்டி கட்டின வாசல் இருக்கும்போது அழுக்குத் துணியோட நான் ஏன் போகணும்?” வண்டியிடம் அவனே சொன்னான்: “முன்வாசல்.”

“மன்னிக்கவும். முன்வாசல்தானா?” என்று உறுதிப்படுத்திக்கொண்டு வண்டி கிளம்பியது.

வளைவின் கீழ் சிணுங்கி நின்றிருந்தது. வருவோரை வரவேற்கும் வேலையைக் குயிலி அதற்குக் கொடுத்திருந்தாள். “வாங்க, வாங்க” என்று ஓடி வந்தது. “இந்த வழியாச் சிகிச்சைக்கு வர்ற முதல் மனுஷர் நீங்கதான். என்ன சொல்லி வரவேற்கணும்னு ஒத்திகை பார்த்திருந்தேன், சந்தோஷத்துல மறந்துட்டேன்.”

பெஞ்சில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். நகரத் தலைவர் வேள்மாறன். அவர்களைப் பார்த்ததும் திடுக்கிட்டு எழுந்தார்.

“அட, நப்பின்னையம்மா! கட்டடத்தை மேற்பார்வை பார்க்க வந்தீங்களா?”

நல்ல வசதியான பொய் அது. ஆம் என்று தலையசைத்தால் போதும். நப்பின்னை கணவனின் கையைப் பிடித்தாள். அவன் சட்டையை முழங்கை வரை மடித்துவிட்டாள்.

“இல்லைங்க ஐயா. என் வீட்டுக்காரருக்கு முடியலை. உடம்புக்கு இல்லை, மனசுக்கு. சேர்க்க வந்திருக்கேன்” என்றாள். திறப்பு விழா அன்றுகூட அவள் அவ்வளவு நிமிர்ந்து நின்றதில்லை. “இந்த ஊர்லயே நல்ல ஆஸ்பத்திரி இதுதானே!”

வேள்மாறன் அந்தச் சிவப்புப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தார். சுற்றிலும் ஒரு முறை பார்த்தார். பேச்சுமேடைக் குரல் எங்கோ போயிருந்தது.

“என் பையன்மா...” என்றார். “அவங்க அம்மா பின்பக்கமாக் கூட்டிட்டு வர்றா. யாராவது வந்துட்டாப் பேச்சுக் கொடுத்து நிறுத்தலாம்னு நான் இங்க காவலுக்கு உட்கார்ந்தேன். இந்தப் பக்கம்தான் யாரும் வர மாட்டாங்களே.”

“இங்கேயே வரச் சொல்லுங்க, ஐயா” என்றான் ஆதன். “அங்க துணி வண்டி இடிக்கும். இது அகலமாத்தான் கட்டியிருக்கா.”

வேள்மாறன் மனைவியை அழைக்கக் கைபேசியை எடுத்தார், பாதியில் நிறுத்தினார். தலைக்கு மேலே பொழிந்துகொண்டிருந்த மஞ்சள் வெளிச்சத்தை அண்ணாந்து பார்த்தார்.

“பையன் வர்ற நேரத்துக்கு மட்டும், இந்த விளக்கைக் கொஞ்சம் குறைக்க முடியுமாம்மா?”

“முடியும்” என்றாள் நப்பின்னை. “குறைக்க மாட்டேன்.”