துறையில் கேட்கக் கூடாத கேள்வி

"ஐயய்யோ... ஆத்தா...!"

குள்ளம்மாளின் அலறல் தென்பெண்ணையின் இரண்டு கரையிலும் கேட்டது.

பூதிக்காட்டுக் கரையில் கவிழ்த்துப் போட்டிருந்த பரிசலுக்கு அடியிலிருந்து ஒரு செருப்புக் கால் நீட்டிக் கொண்டிருந்தது. எவனோ குடித்துவிட்டு மழைக்கு ஒதுங்கியிருக்கிறான் என்று நினைத்தாள் குள்ளம்மாள். தலையிலிருந்த புளிக்கூடையை இறக்கி வைத்துவிட்டுப் பரிசலின் விளிம்பைத் தூக்கினாள்.

உள்ளே இருந்த ஆள் குடிக்கவில்லை.

மூச்சும் விடவில்லை!

பின்மண்டை பிளந்து, ரத்தம் மணலில் உறைந்திருந்தது.

"சர்வே சார்...! அடப் பாவிகளா, நம்ம சர்வே சாரு!"

செத்துக் கிடந்தவர் கஸ்பார். டெல்லியில் வளர்ந்து, சென்னையில் போக்குவரத்து ஆராய்ச்சி செய்துகொண்டு, அதற்காக இந்தப் பக்கம் சர்வே எடுக்க வந்திருந்தவர். அவர் படுத்திருந்தது இன்னாசிராஜின் பரிசலுக்கு அடியில்.

ஊர் மொத்தமும் இன்னாசிராஜைத் திரும்பிப் பார்த்தது.

*

இன்ஸ்பெக்டர் சென்னப்பனுக்குக் காலையில் காபி கிடைக்கவில்லை. கிடைத்திருந்தாலும் கோபமாகத்தான் இருந்திருப்பார். எதிர்க்கரையில் ஜீப்பை நிறுத்திவிட்டு, ஐப்பசி வெள்ளத்தில் பரிசலில் உட்கார்ந்து வந்தது அவருடைய கோபத்தை இரட்டிப்பாக்கியிருந்தது.

"1986 ஆவுது! பிணத்தைப் பார்க்கப் போறவன் பிணமாகாம போய்ச் சேர ஒரு பாலம் கிடையாதா இந்த ஊருக்கு?"

"அதத்தானுங்க நானும் கத்திக்கிட்டே கிடக்கறேன்!" என்றார் பரிசல் ஓட்டிய கருப்பண்ணன்.

கருப்பண்ணன் பூதிக்காட்டின் பஞ்சாயத்துத் தலைவர். 'பாலம் கேட்போர் சங்க'த்துக்கும் அவரே தலைவர். பரிசல் துறையை ஏலம் எடுத்து நடத்துவதும் அவரே. 'பாலம் வரட்டும், முதல்ல என் பரிசலை நானே கொளுத்தறேன்' என்று அவர் பேசாத மேடை காரிமங்கலம் பக்கத்தில் இல்லை. ஜனம் கைதட்டி ஓய்ந்து போயிருந்தது.

"துடுப்பு புதுசா தலைவரே? பச்சை மர வாசனை அடிக்குது."

"பழசு ஆத்தோட போயிடுச்சுங்க."

இன்ஸ்பெக்டர் கரை இறங்கினார். பிணத்தைப் பார்த்தார். கான்ஸ்டபிள் மாதுவின் காதில் ஏதோ சொன்னார். மாது தலையை ஆட்டிவிட்டு ஆற்றோரமாக நடந்து மறைந்தான்.

"பரிசல் யாருது?"

"என்னுதுங்க." இன்னாசிராஜ் முன்னால் வந்தான். சொந்தப் பரிசலைக் கருப்பண்ணனின் துறையில் கூலிக்கு ஓட்டுகிறவன். கண்கள் சிவந்திருந்தன.

"நேத்து சாயங்காலம் எங்க இருந்தே?"

"வூட்லதாங்க. காய்ச்சல்."

"சாட்சி?"

"நான்!" என்று ஒரு குரல் சீறியது. இன்னாசிராஜின் தங்கை லூர்து மேரி. "நான் இருக்கேன் சாட்சிக்கு! எங்கண்ணன் கொல்லலைங்க!"

"கூடப்பொறந்தவ சாட்சியை கோர்ட்ல லேசுல நம்ப மாட்டாங்கம்மா."

கருப்பண்ணன் தொண்டையைச் செருமினார்.

"சொல்லக் கூடாதுன்னுதான் பார்த்தேன். ஆனா ஊருக்கே தெரிஞ்சதுங்க. போன மாசம் இன்னாசி பொண்டாட்டி வேளாங்கண்ணிக்குப் பிரசவ வலி. பரிசல்ல படுக்க வச்சு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பறான். அந்த நேரம் பார்த்து இந்த சர்வே சாரு வந்து 'எங்க போறீங்க?'ன்னு கேட்டுட்டாரு! துறையில நின்னு அதைக் கேக்கலாங்களா? எங்கப்பன் காலத்துலருந்து, துறையில எங்கன்னு கேட்டவன் வாய் மேல அடி வுழும்! நானே எத்தனை பேர அறைஞ்சிருக்கேன்!"

"அப்புறம்?"

"நடு ஆத்துல பொண்ணு போயிட்டா. வயித்துப் புள்ளையும் போச்சு. இன்னாசி இந்த சாரு சட்டையப் புடிச்சு, 'உன்னை இதே ஆத்துல முக்கறேன்டா'ன்னு கத்தினான். நாங்கதான் வெலக்கி வுட்டோம்."

"சொன்னியா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"சொன்னேங்க." இன்னாசிராஜின் தாடை இறுகியது. "அன்னிக்குக் கொன்னிருந்தாலும் கொன்னிருப்பேன்."

போதாதா? இன்ஸ்பெக்டர் கைவிலங்கை எடுத்தார்.

"நில்லுங்க சார்!" லூர்து மேரி குறுக்கே பாய்ந்தாள். "பாதிக் கதையக் கேட்டுட்டு மாட்டாதீங்க! அந்த சாரு அடுத்த வாரமே எங்க வூட்டு வாசல்ல வந்து நின்னு அழுதாரு. 'எனக்குத் தெரியாதும்மா, நான் இந்த ஊர்க்காரன் இல்லை'ன்னாரு. அண்ணன்தான் உள்ள கூப்பிட்டு சோறு போட்டுச்சு. ரெண்டு பேரும் சேர்ந்துதான் அண்ணி கல்லறைக்குப் போயி மெழுகுவத்தி ஏத்தினாங்க. அவரைப் போயி எங்கண்ணன் கொல்லுமா?"

இன்ஸ்பெக்டரின் கை விலங்கோடு பாதியில் நின்றது.

*

அடுத்த பரிசல் கரை ஒதுங்கியது. கருப்பண்ணன்தான் போய் ஓட்டி வந்தார். உள்ளே, விளிம்பை இரண்டு கையாலும் பிடித்தபடி ஒரு சஃபாரி சூட். தருமபுரியிலிருந்து வந்த திட்ட அதிகாரி. பக்கத்தில், கையில் சோற்றுத் தூக்குப்போசியோடு கண்ணம்மாள் என்ற பெண்.

அதிகாரி பிணத்தைப் பார்த்தார். கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக் கொண்டார்.

"பூர் ஃபெலோ! பதினோரு மணிக்குக் கலெக்டர் ஆபீஸ்ல கமிட்டி. எந்த ஊருக்குப் பாலம், எந்த ஊருக்கு பஸ்னு இன்னிக்கு முடிவாகுது. ஏதோ புதுசா சொல்லணும்னு நேத்து போன் பண்ணினார். என்னன்னு தெரியலை."

"பூதிக்காட்டுக்குப் பாலம் உண்டா சார்?"

"சான்ஸே இல்லை. இந்த ஊர்ல மூவ்மென்ட் நில்."

"புரியற மாதிரி சொல்லுங்க."

"எந்த ஊர் ஜனம் அதிகமா வெளியூர் போகுதோ, அந்த ஊருக்குப் பாலம். அதுக்காகத்தான் வழியில நிறுத்தி எல்லாரையும் 'எங்க போறீங்க?'ன்னு கேட்டோம். பூதிக்காட்டுல அத்தனை பேரும் ஒரே பதில்... 'இங்கதான்!' ஊருக்குள்ளேயே சுத்தறவங்களுக்கு எதுக்கு சார் பாலம்?"

சுற்றி நின்ற ஜனம் கொதித்தது.

சென்னப்பனுக்குச் சுர்ரென்று ஏறியது. தருமபுரி மாவட்டத்திலேயே பிறந்து, நல்லது கெட்டதுக்கு வெளியே கிளம்பும்போது யாராவது 'எங்கே' என்று கேட்டால் திரும்பி வந்து தண்ணீர் குடிக்கும் வீட்டில் வளர்ந்தவர் அவர்.

"சார்! அந்தம்மாவைக் கேளுங்க."

அதிகாரி குள்ளம்மாள் பக்கம் திரும்பினார். அவள் புளிக்கூடையை மறுபடி தலையில் ஏற்றியிருந்தாள்.

"எங்கம்மா போறே?"

குள்ளம்மாளின் முகம் சுருங்கியது. "இங்கதாங்க."

"பார்த்தீங்களா இன்ஸ்பெக்டர்? லோக்கல் ட்ரிப்!"

"லோக்கலா? தலையில புளியைத் தூக்கிக்கிட்டு ஆத்தங்கரையில நிக்கறா! இந்த ஊர்ப் புளியை இந்த ஊர்லயேவா விப்பா? கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு உங்களுக்கு?" இன்ஸ்பெக்டர் கண்ணம்மாளிடம் திரும்பினார். குரல் தணிந்தது. "நீங்க எங்கருந்தும்மா வர்றீங்க?"

"தருமபுரி பெரியாஸ்பத்திரிலருந்துங்க. மருமவளுக்கு ஆப்பரேசன். பொழுதுக்கும் போறதும் வர்றதுமாத்தான் கிடக்கறோம். இந்தக் கரையில அரை நாளு, பஸ்ஸுக்கு அரை நாளு."

அதிகாரி கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்தார்.

"கிளம்பறவன எங்க போறேன்னு கேட்டா எவன் சார் சொல்வான்?" லூர்து மேரி வெடித்தாள். "ஏசி ரூம்ல உக்காந்து எழுதின கேள்வி! அந்தக் கேள்வியால எங்களுக்குப் பாலம் இல்லை! அதைக் கண்டுபிடிச்சது செத்துக் கிடக்கறாரே, இவருதான். எங்கண்ணிக்காக அழுதப்புறம்தான் அவருக்கே உறைச்சுது. அதுக்கப்புறம் போறவங்கள வுட்டுட்டுத் திரும்பி வர்றவங்கள மட்டும் கேட்டாரு. முந்தாநாள் வூட்டுக்கு வந்து, 'மேரி, உங்க ஊரே தினம் ஆத்தைத் தாண்டுது! கமிட்டியில சொல்லப் போறேன்'ன்னு குதிச்சாரு. இப்ப அவர் இல்லை. எங்கண்ணனும் ஜெயிலுக்கா? பாலமும் இல்லையா?"

அழவில்லை அவள். அழுதிருந்தால் பார்க்கிறவர்களுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

இன்ஸ்பெக்டர் மீசையைத் தடவினார். கஸ்பார் கமிட்டியில் பேசினால் பாலம் வரும். பேசாவிட்டால் வராது. இன்னாசிராஜுக்கு அவர் உயிரோடு இருப்பதுதான் லாபம்.

"கடைசியா இவரை யார் பார்த்தது?"

"நாந்தாங்க," என்றார் கருப்பண்ணன் சோகமாக. "நேத்து பொழுது சாய அந்தக் கரைக்கு வந்து என் பரிசல்ல ஏறினாரு. 'எங்க சார் போறீங்க?'ன்னு கேட்டேன். 'இன்னாசி வூட்டுக்கு'ன்னாரு. இந்தக் கரையில இறக்கி வுட்டுட்டு நான் வூட்டுக்குப் போயிட்டேன். அப்புறம் இவன் என்ன பண்ணினானோ... கர்த்தருக்குத்தான் வெளிச்சம்!"

"அப்படியா..."

"அப்ப நான் கிளம்பட்டுங்களா? கமிட்டிக்கு நானாவது போயி ஊருக்காகப் பேசணும். பாலத்தை வுடக் கூடாது பாருங்க."

கருப்பண்ணன் வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டினார். புதுத் துடுப்பை எடுத்தார். பரிசலில் ஒரு காலை வைத்தார்.

"தலைவரே!" பின்னாலிருந்து கத்தினார் இன்ஸ்பெக்டர். "எங்க போறீங்க?"

கருப்பண்ணனின் கால் பரிசலிலிருந்து தானாகக் கீழே இறங்கியது.

முகம் கறுத்துவிட்டது. தூவென்று துப்பினார். "என்னங்க நீங்களுமா? துறையில நின்னுக்கிட்டு..." முனகிக்கொண்டே திரும்பி வந்தார். ஒரு கல்லில் உட்கார்ந்தார். யாரோ கொடுத்த சொம்புத் தண்ணீரை மடமடவென்று குடித்தார்.

இன்ஸ்பெக்டர் அவர் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"போலீஸ்காரன் கேட்டாலே திரும்பி வந்து தண்ணி குடிக்கற ஆளு நீங்க. கேட்டவன் வாய் மேல அறையற ஆளு. நேத்து வெள்ளத்துல, துறையில, பரிசல் ஏற வந்தவரைப் பார்த்து 'எங்க சார் போறீங்க?'ன்னு கேட்டீங்களா?"

கருப்பண்ணன் சொம்பைக் கீழே வைத்தார்.

"அது... வாய் தவறி..."

"இந்த ஊர்ல ஒரு பச்சைப் புள்ள வாயிலகூட அது தவறாது! அவர் போன இடம் உனக்குத் தெரியாதுய்யா. அவர் எங்கயும் போகலை. நீதான் போக விடலை!"

"ஐயா...!" கீழ்த்துறையிலிருந்து மாது ஓடி வந்தான். இடுப்பு வரை சேறு. கையில் ஒரு பழைய துடுப்பு. "நீங்க சொன்ன மாதிரியே... கோரைப் புதர்ல சிக்கியிருந்துச்சுங்க! வெடிப்புல முடி ஒட்டியிருக்கு!"

துடுப்பின் பிடியில் கத்தியால் கீறிய எழுத்து தெளிவாகத் தெரிந்தது. 'கரு'.

"மரக்கட்டை மிதக்கும்னு பரிசல்காரனுக்கே மறந்து போச்சா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

கருப்பண்ணன் எழுந்தார். முகத்திலிருந்த சோகம் கழன்று விழுந்துவிட்டது.

"ஆமாய்யா! இந்தக் கரையில இறங்கினதும் அடிச்சேன், இன்னாசி பரிசலுக்கு அடியில தள்ளினேன்! பரிசல்ல ஏறினதும் என் கையப் புடிச்சுக் குலுக்கினான். 'தலைவரே, ஜெயிச்சுட்டோம்! பாலம் வந்துடும்!'னு பல்லைக் காட்டினான். பாலம் வந்தா நான் என்ன பண்றது? மூணு தலைமுறையா இந்தத் துறையிலதான்யா எங்க சோறு!"

"நீதானேய்யா மேடைக்கு மேடை பாலம் கேட்டே?"

"கேட்டேன்! வராதுங்கற தைரியத்துலதான் கேட்டேன்!"

இன்னாசிராஜ் மெல்ல முன்னால் வந்தான். கையை ஓங்கினான்.

"உன் பேச்சுக்கு முதல் ஆளா கை தட்டினவ என் வேளாங்கண்ணி. நடு ஆத்துல என் கையப் புடிச்சுக்கிட்டு, 'தலைவரு பாலம் வாங்கிக் குடுத்துடுவாரு, அடுத்த புள்ளைக்கு இந்தக் கஷ்டம் இருக்காது'ன்னு சொல்லிட்டுத்தான்டா செத்தா... நாயே!"

ஓங்கிய கையை இன்ஸ்பெக்டர் பிடித்துக்கொண்டார்.

"வேணாம் இன்னாசி. உனக்காக வச்சிருந்த விலங்கு இவனுக்குச் சரியா இருக்கும்."

கிளிக்!

திட்ட அதிகாரி நெற்றி வியர்வையைத் துடைத்தார். "இன்ஸ்பெக்டர்... நான் கமிட்டியில சொல்லிடறேன். கஸ்பார் கண்டுபிடிச்சதை அப்படியே சொல்லிடறேன்."

"நீங்க சொன்னா இங்கிலீஷ்ல நில்லாப் போயிடும். இந்தப் பொண்ணைக் கூட்டிட்டுப் போங்க. அவளே சொல்லட்டும்."

லூர்து மேரி முந்தானையை இழுத்துச் செருகினாள். அதிகாரியை நேராகப் பார்த்தாள்.

"வர்றேங்க. ஆனா ஒண்ணு. எங்கண்ணி மாதிரி இன்னொருத்தி நடு ஆத்துல போனா, அந்தப் பொணத்த உங்க ஆபீஸ் வாசல்லதான் இறக்குவோம். அதையும் உங்க சர்வேயில எழுதிக்குங்க!"

அதிகாரி பேனாவை எடுத்தார். எழுதிக்கொண்டார்.

இன்னாசிராஜ் தன் பரிசலை ஆற்றில் இறக்கினான். புதுத் துடுப்பை எடுத்துக் கொண்டான். விலங்கோடு கருப்பண்ணனை ஏற்றி உட்கார வைத்தான் மாது. பரிசல் தண்ணீரில் ஒரு சுற்றுச் சுற்றியது. இன்னாசிராஜின் முகத்தைப் பார்த்ததும் கருப்பண்ணன் எழுந்து இறங்கப் பார்த்தார்.

"சார்... சார்! இவன் பரிசல்ல வேணாம் சார்! என்னை எங்க கொண்டு போறீங்க?"

கரையில் நின்ற ஊரே பல்லைக் கடித்துக்கொண்டு அவரைப் பார்த்தது.

இன்ஸ்பெக்டர் தொப்பியைச் சரி செய்துகொண்டார்.

"துறையில அதைக் கேக்கலாமா தலைவரே? சும்மா... இங்கதான்!"