ஒரு தட்டு காராமணி

“உன் குடும்பப் பேரு என்ன?”

சேகு நகரத்துத் திங்கள் சந்தையில், மழைக்கு ஒதுங்கி நின்ற நியேலேயிடம் சியாக்கா முதலில் கேட்டது அதைத்தான். அவனுடைய சைக்கிள் அவள் வெங்காயக் கூடையைக் கவிழ்த்திருந்தது. மன்னிப்புக் கேட்காமல் பேரைக் கேட்கிறானே...

“குலிபாலி” என்றாள் வெடுக்கென்று.

“அதானே பார்த்தேன். காராமணி தின்கிற கூட்டம். உனக்கெல்லாம் எதுக்கு வெங்காயம்?”

“நீ திராவொரேவா? மூஞ்சியே சொல்லுது. எங்க வீட்டுக் கழுதை மேய்ச்ச வம்சம்.”

இருவருமே சிரித்துவிட்டார்கள். குலிபாலிக் குடும்பத்தாரும் திராவொரேக் குடும்பத்தாரும் சந்தித்தால் ‘காராமணி தின்னி’ என்பதுபோலக் கேலி செய்தே ஆகவேண்டும், கோபப்படக்கூடாது. முன்னோர் போட்டுவைத்த உறவு அது. சியாக்கா குனிந்து வெங்காயம் பொறுக்கினான். மழைத்துளி தங்கிய அவன் இமைகள்... அவள் வேறுபக்கம் பார்த்துக்கொண்டாள்.

அதன்பிறகு ஒவ்வொரு திங்களும் வந்தான். “ஒரு தட்டு காராமணி தரேன், என்னைக் கட்டிக்கிறியா?”

சந்தையே சிரிக்கும். அவளும் சிரிப்பாள். வீட்டுக்குப் போய் அழுவாள். கேலி உறவுக்காரன் சொன்னதை யார் நிஜமென்று எடுப்பார்கள்? ஒரே ஒரு தடவை சிரிக்காம சொல்லேன்டா...

சொன்னாலும்தான் என்ன? முற்றத்தில் எழுந்த ஒரு சுவருக்காக அப்பாவும் சித்தப்பாவும் பேசி இரண்டு வருஷமாகிறது. அண்ணன் தம்பி சேர்ந்து உட்காராத வீட்டுக்குப் பெண் கேட்டு யாரும் வரமாட்டார்கள். தயங்கித் தயங்கி அதை அவனிடம் சொன்னாள்.

அந்த வெள்ளிக்கிழமையே வந்து, இரண்டு வாசலுக்கும் குறுக்கே மண்ணில் படுத்துவிட்டான் சியாக்கா.

“எழுந்திருடா” என்றார் அப்பா.

“காராமணிக்காரங்க ரெண்டு பேரும் ஒரே தட்டுல சாப்பிடட்டும், எழுந்திருக்கேன். இல்லன்னா இங்கயே செத்துப்போறேன். நீங்கதான் புதைக்கணும்.”

கேலி உறவுக்காரன் விழுந்து கேட்டால் மறுக்க முடியாது. அப்பா தொண்டையைச் செருமினார். சுவரைப் பார்த்துச் சொன்னார்... “தம்பி, இவன் கனமா இருப்பான் போலிருக்கு. வந்து காலைப் பிடி.”

சித்தப்பா சிரித்த சிரிப்பில் தெருவே எட்டிப் பார்த்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை சியாக்காவின் பெரியப்பா வந்தார். பாயில் சேர்ந்து உட்கார்ந்திருந்த அண்ணன் தம்பி முன்னால், பெண் கேட்கும் அடையாளமாக, இலையில் பொதிந்த பத்து கோலாக் கொட்டைகளை வைத்தார். பின்னால் வெள்ளை அங்கியில் சியாக்கா.

“என்னடா வாயாடி, இதுவும் விளையாட்டா?” என்றார் அப்பா.

சியாக்கா சிரிக்கவில்லை. கண்கள் நிறைந்து, கதவோரம் நின்றவளைத் தேடின.

“விளையாட்டில்லப்பா” என்றாள் நியேலே, தரையைப் பார்த்தபடி. “எனக்கும்...”

அவன் தன் நெஞ்சில் கைவைத்துத் தலைகுனிந்தான். பிறகு, மாமனாராகப் போகிறவர் முன் இனி கேலி கூடாது என்பதுபோல், மற்றதைப் பெரியவர்கள் பேசி முடிக்கட்டுமென்று வாசலைத் தாண்டிப் போனான்.