கூரைத்துணியில் பதினாறு பிறைகள்

காலை ஒன்பது மணிக்கு அந்தத் துப்பறியும் அலுவலகத்துக்குள் வந்த கல்யாண ஏற்பாட்டாளரம்மா, தோளில் சுமந்திருந்த வெள்ளைத் துணி மூட்டையை மேசைமேல் தொப்பென்று போட்டார். காகிதங்கள் நாலு பக்கமும் பறந்தன.

"நாளைக்குச் சாயங்காலம் நாலரைக்குக் கடற்கரையில கல்யாணம் சார். மேல கூரையாக் கட்டற துணி இது. நேத்து கொட்டகையில வெச்சுப் பூட்டினேன். காலையில பாத்தா பதினாறு இடத்துல வெட்டியிருக்காங்க! பொண்ணோட அப்பா, மாப்பிள்ளை வீட்டு வேலைதான்னு அடிச்சுச் சொல்றார். யார்னு இன்னிக்குள்ள தெரியலைன்னா கல்யாணமே கிடையாதாம்."

துப்பறிவாளர் தலையசைத்துவிட்டு, பறந்த காகிதங்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அடுக்கினார். வீடு தீப்பிடித்தாலும் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டுதான் வெளியே வருவார் என்பதால் ஊரில் அவருக்கு 'நிதானம்' என்றே பெயர் நிலைத்திருந்தது. அவருடைய உதவியாளரோ, எதிராளி கேள்வியை முடிப்பதற்குள் பதிலை எழுதி முடிப்பவள். அவளுக்கு 'அவசரம்' என்று யார் முதலில் பெயர் வைத்தார்கள் என்பது தெரியாது. அவளுக்கு அதில் வருத்தமும் கிடையாது.

"சாவி யார் யார்கிட்ட இருக்கு?" என்றாள் அவசரம்.

"என்கிட்ட ஒண்ணு, பந்தல்காரர்கிட்ட ஒண்ணு. மாப்பிள்ளை வீடு கடற்கரைக்குப் பக்கத்துலயே இருக்கறதால அங்க ஒண்ணு."

"பந்தல்காரரோட ஏதாவது தகராறு?"

"போன வாரம் வாய்ச்சண்டை. துணி ரொம்ப மெல்லிசுன்னார். உங்க வேலையைப் பாருங்கன்னுட்டேன்."

அவசரத்தைப் பொறுத்தவரை வழக்கு அத்துடன் முடிந்துவிட்டது. நிதானம் மட்டும் துணியை விரித்து விரலால் தடவிக்கொண்டிருந்தார். பதினாறு வெட்டும் ஒரே அளவில், பிறை வடிவில் இருந்தன. ஓரங்களில் இரண்டு மூன்றுதான். நடுவில் நெருக்கமாக மற்றவை.

"ஒவ்வொரு வெட்டோட ரெண்டு முனையையும் தொட்டுப் பாரும்மா."

தொட்டாள். தடித்த மெழுகு நூலால் அழுத்தமாகத் தையல் போட்டிருந்தது.

"வெட்டினவங்க எதுக்கு சார் தைக்கணும்?"

நிதானம் ஏற்பாட்டாளர் கொண்டுவந்த கடற்கரைப் படங்களைப் புரட்டினார். எல்லாப் படத்திலும் எல்லைக்கு நட்ட சிறு கொடிகள் துவண்டு தொங்கின. "இதெல்லாம் எப்ப எடுத்தது?"

"காலையில ஏழு மணிக்கு. எப்பவும் அப்பத்தான் போவேன். வெயில் ஏறறதுக்குள்ள அளவெடுத்துடலாமே."

அடுத்து மாப்பிள்ளை வீட்டுக்குப் போனார்கள். மாப்பிள்ளை கொந்தளித்துப்போயிருந்தான். "நாங்க எதுக்கு சார் எங்க கல்யாணத்தையே கெடுத்துக்கப் போறோம்? நான் இருக்கறது ஆபீஸ் வேலையில. அம்மா ஜவுளித் தொழில்ல இருக்காங்க. கௌரவமான குடும்பம்."

அம்மா தேநீர் கொண்டுவந்தார். கோப்பையை நீட்டும்போது அவர் வலது உள்ளங்கையின் நடுவில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு காய்ப்பு இருப்பதை அவசரம் கவனித்தாள். புடவை விற்கும் கையில் இது எப்படி வந்தது? அவர்கள் கிளம்பும்போது அம்மா வாசல் வரை வந்து மெதுவாகக் கேட்டார்:

"வெட்டு அதுக்கு மேல கிழியலையே?"

மாலை நாலு மணிக்கு எல்லோரையும் கடற்கரைக்கு வரச்சொன்னார் நிதானம். மணப்பெண்ணும் வந்திருந்தாள். அவளுடைய அப்பா, பளபளக்கும் காலணியோடு மணலில் விறைத்து நின்றார். பந்தல்காரர் இரண்டு சட்டங்கள் நட்டிருந்தார். ஒன்றில் வெட்டுப்பட்ட துணி, மற்றதில் வெட்டாத மாற்றுத்துணி. இரண்டும் கடல் பக்கம் திறந்து, பின்பக்கம் தரைவரை சரிந்து இறங்கின.

"இன்னும் கொஞ்ச நேரம்" என்றார் நிதானம்.

நாலே காலுக்குக் கடற்காற்று எழும்பியது. வெட்டாத துணி வயிறு முட்டச் சாப்பிட்டவன்போல உப்பியது. ஒரு கம்பு முறிந்தது. சட்டம் மொத்தமாகப் பின்னால் சாய்ந்தது. பெண்ணின் அப்பா விறைப்பையெல்லாம் மறந்து ஓட்டம் பிடித்தார். அடுத்த சட்டத்தில் பிறைகள் திறந்து காற்றை வெளியே விட்டன. துணி லேசாகச் சிலிர்த்துக்கொண்டு நின்றது.

"துணியைக் கெடுக்க வந்தவங்க வெட்டு மேற்கொண்டு பரவாம முனையில தைப்பாங்களா?" என்றார் நிதானம். "காத்து அதிகமா முட்டற நடுவுலதான் வெட்டும் அதிகம். ஏற்பாட்டாளரம்மா காலைக் காத்தை மட்டும் பாத்தவங்க. இந்தத் துணியை அவங்க வெட்டலை. பந்தல்காரருக்குக் காத்து தெரியும், ஆனா அவர் முடிச்சுப் போடறவர், தைக்கறவர் இல்லை. மெழுகு நூல் ஊசியை உள்ளங்கையில தோல் கட்டித்தான் தள்ளணும். வருஷக்கணக்காத் தள்ளினா அங்க காய்ச்சுப்போகும். யாருன்னு நான் சொல்லப் போறதில்லை. சொல்ல வேண்டியவங்க இங்கயே இருக்காங்க."

அவசரம் வாயைத் திறந்தாள். பிறகு, வாழ்க்கையில் முதல் தடவையாக, ஒன்றும் சொல்லாமல் மூடிக்கொண்டாள். மாப்பிள்ளையின் அம்மா மகனைப் பார்த்தார். அந்தப் பார்வையில் சொல்லிவிடாதே என்ற கெஞ்சல் இருந்தது.

மகன் முன்னால் வந்தான். முகம் சிவந்திருந்தது.

"எங்கம்மா ஜவுளித் தொழில் இல்லை மாமா. படகுக்குப் பாய் தைக்கறவங்க. கௌரவக் குறைச்சலாப் போயிடும்னு நான்தான் பொய் சொன்னேன். என் பொய்யைக் காப்பாத்தத்தான் இவ்வளவு நேரம் பேசாம நிக்கறாங்க. இவங்க தைச்ச பாய் நடுக்கடல்ல கிழிஞ்சுதுன்னு இதுவரைக்கும் ஒருத்தர் வந்து சொன்னதில்லை. என்னைப் படிக்க வெச்சதும் அந்தக் கைதான். இதைச் சொல்ல வெக்கப்பட்டேனே, அதுதான் எனக்கு இப்ப வெக்கமா இருக்கு."

பெண்ணின் அப்பா விழுந்துகிடந்த சட்டத்தைப் பார்த்தார். நாளை இந்நேரம் அதன் அடியில் இருநூறு பேர் உட்கார்ந்திருப்பார்கள்.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா" என்றார். குரல் இறங்கியிருந்தது.

"ரெண்டு தடவை சொல்ல வந்தேங்க. விருந்தாளியா வந்து உக்காருங்க, போதும்னாங்க."

ஏற்பாட்டாளர் மணலைப் பார்த்தார்.

அம்மா பையிலிருந்து கறுத்துப்போன தோல்பட்டையை எடுத்து, அத்தனை பேர் முன்னாலும் உள்ளங்கையில் இறுக்கிக் கட்டினார். முதுகு தானாக நிமிர்ந்தது. "பின்பக்கம் இன்னும் ஆறு போடணும். ஆள் நடமாட்டம் வந்துட்டதால விட்டுட்டேன்."

பந்தல்காரர் துணியை அவிழ்த்து இறக்கினார். மணப்பெண் சட்டென்று மணலில் உட்கார்ந்து ஒரு முனையை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"அப்பா, அந்த முனையை இறுக்கிப் பிடிங்க. எங்க அத்தை தைக்கணும்."

அவர் காலணியைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்தார்.