நாலாவது சக்கரம்

ஷெட்டின் பின்சுவர் ஒரு நொடி சிவந்து, மறுபடி பழைய சாம்பல் நிறத்துக்குத் திரும்பியது.

தரையில் உட்கார்ந்து ஸ்பேனர்களைத் துடைத்துக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்கினார். ஜீப்பின் பின்புறம் சுவரைப் பார்த்து நிற்கிறது. பிரேக்கை மிதித்தால் பின்விளக்கின் சிவப்பு அந்தச் சுவரில் விழும், காலை எடுத்தால் அணையும். இதில் மாயம் ஒன்றும் கிடையாது. ஆனால் ஓட்டுகிறவர் சீட்டில் யாரும் இல்லை. ஷெட்டிலேயே அவரைத் தவிர யாரும் இல்லை.

பெடலுக்கு மேலே இருக்கும் ஸ்விட்ச் ஒட்டிக்கொண்டிருக்கும் என்று நினைத்தார். இருபத்தைந்து வருடம் மில்லில் இயந்திரங்களோடு மல்லுக்கட்டிய மனிதர். எதற்கும் அவரிடம் ஒரு காரணம் தயாராக இருக்கும். எழுந்து போய் பிரேக் விளக்குக்கான ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். இனி யார் மிதித்தாலும் எரியாது. அப்போது பெடலைப் பார்த்தார். அதன் ரப்பர் ஈரமாக இருந்தது. வெளியே இன்னும் மழை தொடங்கவில்லை.

அந்த ஜீப்பை வாங்கியது அவரும் அவர் தம்பியும் சேர்ந்து. மலைப்பாதையில் ஓட்டுவதற்கென்றே நாலு அங்குலம் உயர்த்தி, ஸ்பிரிங் பட்டைகளை மாற்றி, ஆள் இடுப்பளவு டயர் போட்டார்கள். வண்டியை உயர்த்தினால் பிரேக் குழாய்கள் நீளம் போதாது. அவற்றைக் கழற்றிப் புதிதாகப் போட வேண்டும். கழற்றினால் உள்ளே காற்றுப் புகும். காற்றுப் புகுந்த பிரேக், நல்ல நேரத்தில் எல்லாம் நன்றாகப் பிடித்துவிட்டு, உயிர் போகிற நேரத்தில் பஞ்சுமூட்டை மாதிரி அமுங்கும்.

அந்தக் காற்றை எடுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் சீட்டில், ஒருவர் சக்கரத்தடியில். கீழே இருப்பவர் "மிதி" என்பார். மேலே இருப்பவர் மிதித்துக்கொண்டு "மிதிச்சாச்சு" என்பார். கீழே சக்கரத்தின் உள்பக்கம் இருக்கும் சின்னத் திருகு, நிப்பிள், அதைத் திறந்தால் ரப்பர் குழாய் வழியாக எண்ணெயும் குமிழும் பாட்டிலுக்குள் வரும். மூடிவிட்டு "விடு" என்றால், "விட்டாச்சு." குமிழ் நிற்கும்வரை இதேதான். "போதும்" என்று கீழே இருப்பவர் சொல்லும்வரை மேலே இருப்பவர் இறங்கக் கூடாது. தம்பி ஒரு சந்தேகப் பிராணி. "போதும்" என்றதும் குதித்து இறங்கிச் சுற்றி வந்து, குனிந்து, தன் கண்ணால் குழாயைப் பார்த்தால்தான் அவனுக்குத் தூக்கம் வரும்.

மூன்று வருடத்துக்கு முன் அந்த ஒரு நாள் மட்டும் அவன் இறங்கிப் பார்க்கவில்லை. மூன்று சக்கரம் முடிந்திருந்தது. பின்னால் இடதுபக்கச் சக்கரத்தின் நிப்பிள் துருப்பிடித்து அசையவே இல்லை. "மூணு போதுமா அண்ணா?" என்று மேலிருந்து கேட்டான். அவருக்கு முதுகு வலி, பசி, எரிச்சல். ஆக்கப் பொறுத்தவருக்கு ஆறப் பொறுக்கவில்லை. "போதும். மெதுவா ஓட்டு" என்றார். அன்று சாயங்காலம் ஜீப் மலைச்சரிவில் உருண்டு ஓடைக்குள் கிடந்தது. தம்பியைத் தூக்கியபோது வலதுகாலில் ஷூ இல்லை. அது பெடலுக்கும் தரைக்கும் நடுவே நசுங்கிச் சிக்கியிருந்தது.

எல்லோரிடமும் அவர் சொன்னது ஒன்றுதான்: "எவ்வளவோ சொன்னேன். வேகம். கேக்கல." செத்தவன் எழுந்து வந்து சாட்சியா சொல்லப்போகிறான் என்ற தைரியம்.

வண்டியை மீட்டு, சட்டத்தை நிமிர்த்தி, ஒவ்வொரு ஞாயிறும் கொஞ்சம் கொஞ்சமாகப் புதுப்பித்தார். எல்லாம் புதிது, அந்த ஒரு மூலையைத் தவிர. அங்கே மட்டும் அவர் கை போகவே இல்லை. ஆனால் இன்று தொட்டுத்தான் ஆக வேண்டும். தம்பி மகளுக்கு மலைமேல் நில அளவை வேலை கிடைத்திருக்கிறது. நாளைக் காலை சேர வேண்டும். இன்று சாயங்காலம் ஐந்து மணிக்கு வந்து அப்பாவின் ஜீப்பைத் தானே ஓட்டிப் போகப்போகிறாள். போன வாரம் அவள் கேட்டாள், "பெரியப்பா, அப்பா நிஜமாவே வேகமாத்தான் ஓட்டினாரா?" பிள்ளை முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார், "ஆமாம்மா."

மனைவி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சீட்டில் ஏறினாள்.

"என் சக்களத்திக்கு நானே கால் பிடிச்சு விடணுமா? நல்லா இருக்கு நியாயம்."

"பேசாம மிதி."

"மிதிச்சாச்சு."

மூன்று சக்கரமும் முக்கால் மணி நேரத்தில் முடிந்தன. பெடலுக்கு ரொம்பத் தூரத்துச் சக்கரத்தில்தான் தொடங்க வேண்டும் என்பது முறை. தூரத்துச் சக்கரம் அந்த இடது பின்சக்கரம். அவர் அதைக் கடைசிக்குத் தள்ளினார்.

"ஏங்க," என்றாள் அவள், ஸ்டியரிங் மேல் முகவாயை வைத்துக்கொண்டு. "அன்னைக்கு பிரேக்கெல்லாம் சரியாத்தானே இருந்துச்சு?"

"சரியாத்தான் இருந்துச்சு."

"இல்ல, பொண்ணு போறாளேன்னு கேட்டேன்."

"அதான் பாத்துட்டு இருக்கேனே!" குரல் தேவைக்கு மேல் உயர்ந்துவிட்டது.

வண்டி உயரம் என்பதால் சக்கரத்தைக் கழற்றாமலே அடியில் நுழையலாம். பாயை விரித்து மல்லாந்து அந்த இடது பின்சக்கரத்தடிக்கு நகர்ந்து போனார். அப்போதுதான் மழை பிடித்தது. தகரக் கூரையில் கூழாங்கல்லைக் கொட்டியது போல ஒரே இரைச்சல். இரைச்சலுக்குள் வேறு எதுவும் கேட்காத ஒரு பெரிய அமைதி. மின்சாரம் போயிற்று. பாதி தூக்கியிருந்த ஷட்டரின் கீழிருந்து வந்த மங்கல் வெளிச்சத்தில் சக்கரங்களின் விளிம்பு மட்டும் தெரிந்தது. பிரேக் எண்ணெயின் தித்திப்பான நெடி, கிரீஸ், ஈரச் சிமெண்ட், அதற்கெல்லாம் அடியில் இன்னொரு வாசனை. கசங்கிய பச்சிலையும் ஓடைச் சேறும் கலந்த வாசனை. வண்டியை எத்தனை தடவை கழுவியிருக்கிறார்!

ஸ்பேனரைப் போட்டு இழுத்தார். நிப்பிள் அசையாது என்றுதான் நினைத்தார். வெண்ணெயில் கத்தி இறங்குவது போலச் சுழன்றது.

"மிதி!"

மேலே பெடலின் ஸ்பிரிங் முனகியது. "மிதிச்சாச்சு."

திறந்தார். குமிழ்கள் வந்தன. சின்னதும் பெரியதுமாக, குழாய் நிறைய.

"விடு!"

"விட்டாச்சு."

"மிதி!"

"மிதிச்சாச்சு."

பத்து முறை. பதினைந்து முறை. குமிழ் நிற்கவில்லை. இவ்வளவு காற்று ஒரு சக்கரத்துக்குள் எப்படி இருக்கும்? மூன்று வருடக் காற்று என்று ஒரு எண்ணம் வந்தது, அதை விரட்டினார். பாட்டிலுக்குள் வந்த எண்ணெய் பழுப்பாகத் தெரிந்தது. மேலிருந்து வந்த பதிலும் மழையில் நனைந்தது போல் கரகரத்தது. பாவம், அவளுக்குத் தொண்டை கட்டியிருக்கும்.

"மிதி!"

"மிதிச்சாச்சு."

அப்போது தலைக்கு மேலே, கூரைக்கும் மேலே, வீட்டு மொட்டை மாடியிலிருந்து அவர் மனைவி கத்தினாள்.

"ஏங்க! துணி எடுத்துட்டு இருக்கேன்! சொல்லிட்டுத்தானே வந்தேன்! அஞ்சு நிமிஷம் பொறுங்க!"

அவர் கை ஸ்பேனரிலேயே நின்றது.

பெடல் மிதிபட்டபடியே இருந்தது. ஸ்பிரிங் விறைத்து நிற்கும் அந்த மெல்லிய முனகல் மேலே கேட்டுக்கொண்டே இருந்தது. கால் எடுக்கப்படவில்லை. "விடு" என்று அவர் இன்னும் சொல்லவில்லையே.

கண்ணை மட்டும் திருப்பினார். பின்சுவர் சிவப்பாக இருந்தது. ஃபியூஸ் அவர் பையில் இருந்தது.

மழை. முனகல். சிவப்பு.

மூச்சை அடக்கிக்கொண்டு கிடந்தார். திறந்த நிப்பிளை மூட வேண்டும் என்று மூளை சொன்னது. பழைய வண்டி, நாலு சக்கரத்துக்கும் ஒரே குழாய், ஒரு மூலை கசிந்தால் நாலும் போயிற்று. விரல்கள் கேட்கவில்லை. எண்ணெய் மணிக்கட்டில் வழிந்தது.

மேலே சீட் கிறீச்சிட்டது. யாரோ கொஞ்சம் குனிந்த மாதிரி.

"போதுமா அண்ணா?"

பழகிய குரல். கோபமே இல்லை. அன்று கேட்ட அதே சாதாரணக் கேள்வி. அதுதான் தாங்க முடியவில்லை. அழுகை முட்டியது. போதாதுடா, அன்றைக்கே போதாது, என்மேல்தான் தப்பு. சொல்ல வேண்டியது அவ்வளவுதான். நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் மாடியில் மனைவி இருக்கிறாள். கேட்டுவிடுவாள். இந்த நேரத்திலும் அவருக்கு அதுதான் தோன்றியது.

"போதுமா அண்ணா?"

போய்விட வேண்டும் இது. எப்படியாவது.

"போதும்," என்றார்.

பெடல் மேலே வந்தது. சிவப்பு அணைந்தது.

கதவு திறந்தது.

அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது. போதும் என்றால் தம்பி இறங்குவான். சுற்றி வருவான். குனிந்து பார்ப்பான்.

இடது கால் தரையைத் தொட்டது. ஷூ, நனைந்து, சேறு அப்பி. அப்புறம் வலது கால். வெறுங்கால். அதன் பாதம் முன்னும் பின்னும் மாறித் திரும்பியிருந்தது.

ஒரு அடி. இழுத்து இன்னொரு அடி. முன்சக்கரம் தாண்டி. நடுவில். பின்சக்கரத்துக்கு அந்தப் பக்கம். சேற்று வாசனை. முட்டி மடிந்தது.

கண்ணை இறுக மூடிக்கொண்டார். குளிர்ந்த ஈரக் கை ஒன்று அவர் தொண்டையை மெதுவாகத் தடவி, எதையோ எடுத்துக்கொண்டு விலகியது.

"பெரியப்பா!"

கண்ணைத் திறந்தார். ஷட்டரடியில் வெள்ளைக் கான்வாஸ் ஷூக்கள், சொட்டும் குடை. ஐந்து மணி.

"எங்க இருக்கீங்க? ஒரே இருட்டா இருக்கே. வண்டி முடிஞ்சுதா?"

தொடாதே என்று கத்த வாயைத் திறந்தார். காற்று மட்டும் வந்தது. மறுபடி கத்தினார். தொண்டை இருந்தது, குரல் இல்லை. காலை உதைக்கப் பார்த்தார். உடம்பு அடுத்தவருடையது போல் கிடந்தது.

பின்சுவர்ப் பக்கத்திலிருந்து, இருட்டுக்குள்ளிருந்து, அவருடைய குரல் பேசியது. அவருடைய இருமல், அவருடைய எரிச்சல், எல்லாம் அச்சுப் பிசகாமல்.

"இங்க பின்னாடி சாமான் எடுத்து வைக்கிறேன்மா. சாவி வண்டியிலதான் இருக்கு."

"பிரேக் எல்லாம்?"

"மூணு போதும். மெதுவா ஓட்டு."

"என்ன மூணோ போங்க!" சிரித்தாள். தம்பியின் சிரிப்பு. "பெரியம்மாகிட்ட நாளைக்குப் போன் பண்றேன்னு சொல்லுங்க. மழை வலுக்கறதுக்குள்ள போயிடறேன்."

ஷட்டர் முழுதாக மேலே போனது. கதவு சாத்தப்பட்டது. இன்ஜின் உறுமி, வயிற்றுக்கு மேலே இரும்பு அதிர்ந்தது. பெரிய டயர்கள் இரண்டு பக்கமும் சுழன்று அவரைத் தொடாமல் கடந்து போயின. நாலு அங்குலம் உயர்த்திய வண்டி. ரப்பர் குழாய் பிய்ந்து பாட்டிலோடு நெஞ்சில் விழுந்தது. வாசலிலிருந்து சாலை வரை எண்ணெய் ஒரு கறுப்புக் கோடாக நீண்டது. சாலை அங்கிருந்து பாலம் வரைக்கும் ஒரே சரிவு.

தலையை மட்டும் திருப்ப முடிந்தது. மழைக்குள் ஜீப் சரிவில் இறங்கியது. பின்விளக்கு சிவந்தது. அணைந்தது. சிவந்தது. அணைந்தது. யாரோ பெடலை மறுபடி மறுபடி தரைவரை மிதிக்கிறார்கள். சட்டைப்பையில் ஃபியூஸ் நெஞ்சைக் குத்தியது.

பக்கத்தில், பாயில் மிச்சமிருந்த இடத்தில், இன்னொருவர் படுத்திருந்தார். ஈரத் தலை அவர் தோளை உரசியது. இருவரும் சேர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"போதுமா அண்ணா?"

கீழே, பாலத்துக்கு முந்தைய வளைவில், சிவப்பு மறுபடி எரிந்தது. வேகம் குறையவில்லை.