மிச்சத் தோல்

குளித்து முடித்துத் துண்டை எடுக்க அவன் இடப்பக்கம் திரும்பினான். வயிற்றிலிருந்து தொங்கிய தோல் சற்றுத் தாமதித்துத்தான் திரும்பியது.

தொளதொளவென்று தொங்குகிற எதுவும் ஆடிக் குலுங்கித்தான் வந்து சேரும் என்று அவனுக்குத் தெரியும். ஆனால் இது ஆடவுமில்லை, குலுங்கவுமில்லை. கூப்பிட்ட குரலுக்கு வேண்டாவெறுப்பாக எழுந்து வருகிற ஆளைப் போல, யோசித்துவிட்டு வந்தது. ஈரத்தில் கண் ஏமாற்றுகிறது என்று சொல்லிக்கொண்டு அவன் அன்றாட வேலையைத் தொடங்கினான். தொடைவரை தொங்கிய மடிப்பை ஒரு கையால் தூக்கி, அடியில் வெந்து சிவந்திருந்த இடத்தை ஒற்றித் துடைத்து, மருந்து தடவி, காயாத துணியின் புளித்த வாடை எழாதபடி பருத்தித் துணியை மடித்து வைத்து, கக்கத்திலும் மார்பிலும் தொங்கியவற்றையெல்லாம் அள்ளித் திணித்து, முன்பக்கம் வரிசையாகக் கொக்கி வைத்த இறுக்க உள்ளாடைக்குள் தன்னைப் பூட்டிக்கொண்டான். அதன்மேல் சட்டை. பார்க்கிறவர்களுக்கு ஒல்லியான, மிடுக்கான ஆள்.

அவன் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் பயிற்சியாளர். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிப் பாதி உடம்பைக் கரைத்தவன் என்பதால் அங்கே எல்லோரும் அவனைப் பாதி என்றுதான் சொல்வார்கள். அந்தப் பெயரில் அவனுக்குப் பெருமை. பழைய ஆளை அவன் தலைமுழுகிவிட்டான். மூச்சிரைக்க மாடி ஏறியவன், நாற்காலியில் உட்காருமுன் அதன் கால்களைப் பார்த்தவன், யாராவது சிரித்தால் கூடவே அசடாகச் சிரித்தவன். தடியன் என்றுதான் அவனைக் குறிப்பிடுவான், செத்துப்போன அண்டைவீட்டுக்காரனைப் பேசுவதுபோல. உயிரோடு இருக்கிற குண்டர்களிடமும் இரக்கம் கிடையாது. வீட்டில் இருந்த ஒரே துணை அவனுடைய அக்கா. அவளும் பருமன். சாப்பிட உட்கார்ந்தால் அவள் தட்டைப் பார்த்து, சோற்று மூட்டை என்பான். அவளோ அவனுக்குப் போட்ட வெள்ளரித் துண்டுகளைப் பார்த்து ஒரு பெருமூச்சு மட்டும் விடுவாள்.

அன்று காலை முதல் வகுப்பு ஒரு தையல்காரப் பெண்மணிக்கு. கனத்த உடம்பு. இருக்கைப் பட்டை எட்டவில்லை என்று வெட்கத்தோடு இழுத்துக்கொண்டிருந்தாள். அவன் உதவவில்லை. சன்னலுக்கு வெளியே பார்த்தபடி சொன்னான்.

"வாயையே கட்டுப்படுத்தத் தெரியல. வண்டிய எங்கம்மா கட்டுப்படுத்தப் போறீங்க?"

அவள் காதுகள் சிவந்தன. ஸ்டியரிங்கைப் பிடித்த விரல்கள் ஒன்றோடொன்று நெருங்கின. அதே நொடியில், அவனுடைய சட்டைக்குள், கொக்கிகளுக்குப் பின்னால், மடிப்பு மெல்ல உள்ளே இழுத்துக்கொண்டது. திட்டு வாங்கியவன் தன்னைச் சுருக்கிக்கொள்வதைப் போல. அந்த அசைவு அவனுக்கு மிக நன்றாகத் தெரியும். பேருந்தில் யாராவது முணுமுணுத்தால் தடியன் அப்படித்தான் மூச்சைப் பிடித்து வயிற்றை எக்குவான்.

வண்டிக்குள் சூடு. எஞ்சின் வாடை, பழைய ரெக்சின் வாடை, அவற்றுக்கு அடியில் மடிப்பின் புளிப்பு. அவன் கண்ணாடியை இறக்கிவிட்டான்.

அதே வாரம் அறுவை மருத்துவரைப் பார்த்தான். தோலை வெட்டியெடுக்க நாள் குறித்தார்கள். வெட்டியதை என்ன செய்வீர்கள் என்று கேட்டான். கழிவோடு போய்விடும், எரித்துவிடுவார்கள் என்றார் மருத்துவர். தடியன் நன்றாக எரிவான், எண்ணெய்ப் பசை ஜாஸ்தி என்று அவன் சிரித்தான். மருத்துவர் சிரிக்கவில்லை. மடிப்பு சில்லிட்டுப் போயிற்று.

அதன்பிறகு அது சும்மா இருக்கவில்லை. உட்கார்ந்தால் முழங்காலை மடக்குவதுபோல் உள்ளே ஏதோ மடங்கியது. நடந்தால் அவன் மூச்சுக்கு இடையில் இன்னொரு மூச்சு, கொழுத்த, இரைக்கிற மூச்சு. ஒரு மாலை பொறுக்கமாட்டாமல் முஷ்டியால் அதன்மேல் ஓங்கிக் குத்தினான். செத்துத் தொலை என்றான். வெறும் தோல்தானே, கை வழுக்கிக்கொண்டு போயிருக்க வேண்டும். போகவில்லை. உள்ளே எலும்பு இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் நாற்காலியிலேயே கண்ணயர்ந்தான். விழித்தபோது வெயில் இறங்கிவிட்டிருந்தது. சுவர்களில் மங்கல். அடுப்படியில் தண்ணீர் விழும் சத்தம். காற்றில் வெண்ணெயில் வதங்கிய வெங்காய வாசனை.

சட்டை திறந்திருந்தது. கொக்கிகள் எல்லாம் கழன்றிருந்தன.

வயிறு நிறைந்திருந்தது. மாதக்கணக்கில் அவன் மறந்துபோன நிறைவு. காலையில் தின்றது அரை ஆப்பிள். மடிப்பைத் தூக்கிப் பார்த்தான். பருத்தித் துணி இல்லை. சிவந்த தோலில் ஒரு சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தது.

"அக்கா."

அவள் கையைத் துடைத்துக்கொண்டே வாசலில் வந்து நின்றாள்.

"கொக்கிய யார் அவுத்தது?"

"நான்தான். பசிக்குதுன்னு கேட்டியே."

"நான் தூங்கிட்டிருந்தேன்."

"ஆமா, நீ தூங்கிட்டுதான் இருந்த." அவள் குரலில் கோபமில்லை. எத்தனையோ காலம் கழித்து வீட்டுக்கு வந்தவரைப் பற்றிச் சொல்கிற குரல். "அவன்தான் கேட்டான்."

அவன் எழ முயன்றான். கனம். நாற்காலி முனகியது. மேசைமேல் கத்தரிக்கோல் இருந்தது. எட்டி எடுத்தான். மடிப்பின் ஓரத்தைப் பிடித்துக் கத்தரிக்கோலை விரித்தான். மருத்துவர் எதற்கு? தானே வெட்டுவான். நாய்க்குப் போடுவான்.

கை இறங்கவில்லை.

கக்கத்திலிருந்து தொங்கிய தோல் உப்பியது. முழங்கை தடித்தது. உள்ளிருந்து விரல்கள். குட்டையான, கொழுத்த விரல்கள் தோலுக்கு அடியிலேயே ஊர்ந்து வந்து அவன் மணிக்கட்டைச் சுற்றின. இரண்டு கையையும். கத்தரிக்கோல் விழுந்தது.

"அக்கா. பிடிக்கிறான். அக்கா."

அக்கா உள்ளே போனாள். தட்டோடு வந்தாள். ஆவி பறந்தது. ஒரு முக்காலியை இழுத்து அவன் எதிரில் போட்டு உட்கார்ந்தாள். அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் பார்வை தாழ்ந்து அவன் மடியில் நின்றது. மடிப்பு மெதுவாக, ஈரச் சத்தத்தோடு, தானாகவே திறந்தது.

அவன் அலறினான்.

அவள் சோற்றை உருட்டி, ஊதி ஆறவைத்து, கீழே நீட்டினாள்.

"நீ மெதுவா சாப்பிடுடா தம்பி," என்றாள் அதனிடம். "அவன் கத்திக்கிட்டேதான் இருப்பான். கண்டுக்காத."