எழுபத்தெட்டுத் துடிப்புகள்

"தொட்டுப் பாத்தியா இல்லியா, அத மட்டும் சொல்லு."

"பாத்தேங்க சிஸ்டர்."

"நாலு மணிக்கு?"

"நாலு மணிக்குத்தாங்க. எழுபத்தெட்டு இருந்துச்சு."

தலைமை நர்ஸ் சொர்ணாம்பாள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சார்ட்டின் மேல் வைத்தார். ஆறாம் நம்பர் கட்டில், காத்தவராயன், பீங்கான் பட்டறையில் சூளைக்குத் தீ போடும் வேலை. நாலே முக்காலுக்கு டாக்டர் வந்து பார்த்தபோது காத்தவராயனின் கை விறைத்திருந்தது. உயிர் போனது இரண்டு மணிக்கு முன்பாகவே என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

சிந்தாமணி தலை குனிந்து நின்றாள். அவள் வேலைக்குச் சேர்ந்து ஒன்றரை வருடம்தான் ஆகியிருந்தது.

அன்று மத்தியானம் ராஜஸ்தான் எல்லையிலிருந்து கணவன் ரத்தினவேலின் கடிதம் வந்திருந்தது. போர் முடிந்து இரண்டு மாதமாயிற்று, இப்போது மணலில் புதைத்த கண்ணிவெடிகளை எடுக்கும் வேலைதான், பயப்படாதே, வெள்ளிக்கிழமை ரயிலில் வருகிறேன், திரும்பும்போது உன்னையும் குவார்ட்டர்ஸுக்கு அழைத்துப் போகிறேன் என்று எழுதியிருந்தான். அவர்களுக்குக் கல்யாணமாகிப் பதினோரு மாதம். சேர்ந்திருந்தது பத்தொன்பது நாள். அவள் அந்தக் கடிதத்தை டியூட்டி அறையில் நின்றபடியே மூன்று முறை படித்தாள். கடிகாரம் நாலு அடித்தது. கடிதம் கையிலிருக்க, எட்டுக் கட்டில்களுக்கும் நாடிக் கணக்கை அங்கேயே நின்று எழுதிவிட்டாள்.

யாரையும் தொடவில்லை.

உண்மையைச் சொன்னால் வேலை போகும். வேலை தங்கினாலும் லீவு கிடைக்காது. லீவுக் காகிதத்தில் கையெழுத்துப் போட வேண்டியவர் சொர்ணாம்பாள். அதனால் பொய் சொன்னாள்.

மறுநாள் நாலு மணிக்கு வார்டில் வெயில் சாய்ந்து விழுந்திருந்தது. டெட்டால் வாசனைக்கு அடியில், தண்ணீர் தெளித்த களிமண்ணின் வாடை. இனி ஒருவரையும் தொடாமல் எழுதுவதில்லை என்ற உறுதியோடு முதல் கட்டிலுக்குப் போனாள். அதில் காய்ச்சலில் கொதிக்கும் குழந்தை. நாடி நூற்றிருபதுக்குக் குறையாமல் ஓட வேண்டும்.

எழுபத்தெட்டு.

கைக்கடிகாரத்தை வைத்து மறுபடி எண்ணினாள். எழுபத்தெட்டு. அடுத்த கட்டிலில் இதயம் தளர்ந்த கிழவர். எழுபத்தெட்டு. தன் மணிக்கட்டைத் தானே பிடித்துப் பார்த்தாள். அங்கும் அதே நிதானம், எந்த அவசரமும் இல்லாத அதே தட்டல்.

ஆறாம் நம்பர் கட்டில் காலியாக இருந்தது. தலை சுற்றியது. விழாமலிருக்க அதன் இரும்புச் சட்டத்தைப் பற்றினாள்.

இரும்பு துடித்தது.

எண்ண வேண்டாம் என்று நினைக்கும்போதே எண்ணி முடித்திருந்தாள். ஓடிப்போய் ஜன்னல் கம்பியைத் தொட்டாள். பிறகு தண்ணீர்த் தம்ளரை. பிறகு சுவரை. எல்லாம் உயிரோடிருந்தன. எல்லாம் எழுபத்தெட்டு.

வார்டு ஆயா ஆராயி துடைப்பத்தோடு நின்று வேடிக்கை பார்த்தாள். "பட்டாளத்துக்காரர் வர்ற நாளு கிட்ட வந்தா நர்ஸம்மா செவுத்தையெல்லாம் தடவுறாங்க," என்றாள். நோயாளிகள் சிரித்தார்கள். சிந்தாமணியும் சிரித்து வைத்தாள்.

உயிருள்ளதையும் இல்லாததையும் பிரித்தறியும் திறன் அவள் விரல்களிலிருந்து போய்விட்டது. மார்பு ஏறி இறங்குவதைப் பார்த்து, மூச்சை எண்ணி, ஊகத்தில் சார்ட்டை நிரப்பினாள். எதைச் செய்யக்கூடாது என்று நினைத்தாளோ அதையே ஒவ்வொரு நாலு மணிக்கும் செய்தாள்.

புதன்கிழமை அதற்கு மேல் தாங்கவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிடுவதென்று சொர்ணாம்பாளின் அறைக்குப் போனாள். அவரோ லீவுக் காகிதத்தை எடுத்து நீட்டினார். கையெழுத்து ஈரமாக இருந்தது.

"போயிட்டு வா. பட்டாளத்துக்காரன கட்டிக்கினவ நாளை எண்ணியே கெழவியாயிடுவா."

அவள் காகிதத்தை வாங்கிக்கொண்டாள். சொல்ல வந்ததைச் சொல்லவில்லை.

மாலை, வாடகை வீட்டுப் பூட்டைத் திறந்து உள்ளே போனாள்.

கட்டிலில் ரத்தினவேல் உட்கார்ந்திருந்தான்.

சொன்ன நாளுக்கு இரண்டு நாள் முன்னதாகவே வந்துவிட்டான். அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. பூட்டிய வீட்டுக்குள் எப்படி என்ற எண்ணம் பிறகுதான் வந்தது. கொல்லைக் கதவு வழியாக வந்திருப்பான்.

கொல்லைக் கதவு உள்பக்கம் தாழிட்டிருந்தது.

அவனோடு பெட்டி இல்லை. இத்தனை நாள் ரயிலில் வந்தவனின் காக்கிச் சட்டையில் ஒரு கரிப்பொட்டுகூட இல்லை. தண்ணீர் கொடுத்தாள். அவன் வாங்கவில்லை. களைத்துப்போய், வழி தவறியவனைப் போல அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சிந்தாமணி அவனருகே உட்கார்ந்து மணிக்கட்டைப் பிடித்தாள். கண்ணை மூடிக்கொண்டு எண்ணினாள். நூறாக இருக்கட்டும், அறுபதாக இருக்கட்டும், வேறு எதுவாகவும் இருக்கட்டும் என்று வேண்டியபடி ஒரு நிமிடம் முழுக்க எண்ணினாள்.

எழுபத்தெட்டு.

மூச்சைப் பார்க்கலாமென்று அவன் மார்பின் பக்கம் திரும்பினாள். காக்கிச் சட்டையின் பித்தான்கள் அசையவில்லை. அறை இருட்டிவிட்டதால் தெரியவில்லை என்று சொல்லிக்கொண்டாள். விளக்கேற்ற எழுந்தவளின் கையை அவன் பிடித்து நிறுத்தினான்.

"அங்க மணல்ல யாருமே என்னைத் தொட்டுப் பாக்கல," என்றான் மெல்ல. "தூரத்துலேர்ந்தே எழுதிக்கினு போயிட்டாங்க. நீயாவது பாத்துச் சொல்லு, சிந்தாமணி."