பெயரில்லாத வண்டுகள்

செக் நாட்டின் யப்லொனெத்ஸ் நகர மேட்டுத் தெரு வீட்டுக்கு வ்லாஸ்தா வந்து சேர்ந்தபோது மதியம் இரண்டு மணி. பனி உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது. கதவைத் திறந்த யர்மிலாவின் விரல்களில் கசகசா பூரணம் ஒட்டியிருந்தது.

"வாங்கக்கா. காலெல்லாம் துடைக்க வேண்டாம். கூரையே ஒழுகுது, தரைக்கு என்ன மரியாதை?"

யர்மிலாவின் மாமியார் இறந்து ஒரு மாதம். பெட்டியில் கிடைத்த எகிப்திய பாணிக் கழுத்தணி விலைபோனால் கூரையை மாற்றிவிடலாம் என்று நம்பியிருந்தாள். வ்லாஸ்தா மதிப்பிட்டு ஒரு சீட்டு எழுதித் தந்தால் போதும். அந்தக் கையெழுத்துக்கு மேல் எந்த வியாபாரியும் கேள்வி கேட்பதில்லை.

மேசையில் வெள்ளைத் துணி விரித்து அணியை வைத்தாள் வ்லாஸ்தா. பித்தளைக் கம்பி வேலை, நீல எனாமல் பூசிய இறக்கைகள், நடுவே ஏழு கண்ணாடி வண்டுகள். எகிப்தில் ஓர் இளம் அரசனின் கல்லறையைத் திறந்த 1920களில், இந்த ஊரே அச்சில் அழுத்தி உலகத்துக்கு அனுப்பிய வண்டுகள். தங்கமில்லை, ரத்தினமில்லை. ஆனாலும் பழசு என்றால் தனி மவுசு.

"பழசுதானேக்கா?"

"முன்பக்கத்தை நம்பாத யர்மிலா. கண்ணாடி பழசாத்தான் இருக்கும். அந்தக் காலத்து வண்டுங்க இன்னும் கொட்டகைகள்ல பெட்டி பெட்டியாக் கிடக்கு. அதை எடுத்து நேத்துக்கூடப் பொருத்தியிருக்கலாம். பின்னாடி வண்டைப் பிடிச்சிருக்கிற பித்தளைப் பல்லை எப்படி மடிச்சிருக்குன்னு பாக்கணும்."

வழக்கம்போல ஒரு வண்டைத் தன் முன்பல்லில் வைத்துப் பார்த்தாள். கண்ணாடி என்றால் சில்லென்றிருக்க வேண்டும்.

வெதுவெதுப்பாக இருந்தது.

யாரோ இப்போதுதான் கழுத்திலிருந்து கழற்றியதுபோல.

"அடுப்புப் பக்கம் வச்சிருந்தியா?"

"இல்லியேக்கா. மேல பரண்லதான் இருந்துச்சு. அங்க தண்ணி வச்சா உறைஞ்சிடும்." யர்மிலா காப்பி போடச் சமையலறைக்குப் போனாள்.

வ்லாஸ்தா அணியைத் திருப்பினாள். வண்டுகளைப் பிடித்திருந்த பற்கள் எல்லாம் இடப்பக்கமாகச் சாய்ந்து மடிந்திருந்தன. ஒவ்வொரு நான்காவது பல்லும் இருமுறை அழுத்தப்பட்டிருந்தது. உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுக்கவே தேவைப்படவில்லை.

அது ரூஷெனாவின் இடதுகை. அவள் தங்கை.

இருபது வருடம் சமையலறை மேசையில் குனிந்து பழைய வண்டுகளைப் பொருத்தியவள் ரூஷெனா. அவற்றுக்குப் பழசு என்று சீட்டு எழுதி விற்றவள் வ்லாஸ்தா. ஒரே ஒருமுறை ரூஷெனா கேட்டாள். "ஒரு சீட்டுல என் பேர எழுதேன்க்கா. அத விக்கக்கூட வேண்டாம், நானே வச்சுக்கிறேன்."

"உன் பேரப் போட்டா பித்தளை விலைக்குப் போகும்டி. என் பேரும் கூடவே போகும்."

போன ஏப்ரலில் ரூஷெனாவைப் புதைத்தார்கள்.

சமையலறையில் கரண்டிச் சத்தம் கேட்டது. வ்லாஸ்தா சீட்டுப் புத்தகத்தைத் திறந்து, கை பழகிய அதே வரியை எழுதினாள். சுமார் 1925. செய்தவர் தெரியவில்லை.

டிக்.

ஒரு பித்தளைப் பல் நிமிர்ந்தது. ஒரு வண்டு துணியில் விழுந்தது.

ஜன்னல் மூடியிருந்தது. அறைக்குள் ஈயம் பற்றவைக்கும் புகையும் மலிவான சோப்பும் கலந்த வாசனை மெல்லப் பரவியது. ரூஷெனாவின் கைகளில் எத்தனை கழுவினாலும் போகாத வாசனை.

டிக்.

டிக்.

"ரூஷெனா," என்று கிசுகிசுத்தாள். "இவ வீடு ஒழுகுதுடி. இவளுக்காகவாவது விடு."

அந்தப் பொய் கூரைக்காக இல்லை என்பது இருவருக்கும் தெரிந்திருந்தது.

காதோரம் ஒரு மூச்சு பட்டது.

"எழுதேன்க்கா."

வ்லாஸ்தா பல்லைக் கடித்துக்கொண்டு பொய்யின் கீழே கையெழுத்திட்டாள். விழுந்த வண்டுகளை எடுத்து நகத்தால் பற்களை மடக்கினாள். அவை விரலைச் சுட்டன. பிறகு எந்தச் சத்தமும் இல்லை. கரண்டிச் சத்தம்கூட இல்லை.

காப்பியோடு வந்த யர்மிலா சீட்டை எடுத்து முத்தமிட்டாள். "கூரைக்காரனுக்கு இன்னிக்கே சொல்லிடுறேன். அந்த ஆளு என்னைப் பாத்தாலே ஓடுவான்." சிரித்தபடி படித்தவள் நிறுத்தினாள்.

"ஏன்க்கா, செய்தவர் ரூஷெனான்னு போட்டிருக்கீங்களே. யாரு அது?"

வ்லாஸ்தா சீட்டைப் பிடுங்கினாள். அவளுடைய மை. அவளுடைய கையெழுத்து. 'தெரியவில்லை' என்ற சொல் எங்கும் இல்லை.

பைக்குள் செல்போன் அடித்தது. பிராக் வியாபாரி ஹினெக்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. எட்டு வருஷம் முந்தி நீங்க குடுத்த சீட்டைச் சட்டம் போட்டுக் கடையில மாட்டியிருக்கேன். தினமும் பாக்குறதுதான். இப்ப அதுல ஒரு பொம்பளை பேர் இருக்கு. நேத்து இல்லக்கா, சத்தியமா இல்ல..."

துண்டித்தாள். உடனே மறுபடி அடித்தது. ஜெர்மனி எண். அது நிற்குமுன் இன்னொன்று.

இருபது வருடத்தில் எத்தனை சீட்டுகள்? எண்ணத் தொடங்கிப் பாதியில் விட்டாள்.

"எடுங்கக்கா," என்றாள் யர்மிலா, காப்பியை அவள் பக்கம் நகர்த்தியபடி. "யாரோ பேசியே ஆகணும்னு நிக்கிறாங்க."

போன் நிற்கவில்லை.